மைனஸ் ஒண்ணு போட்டா மேல வருமாம்!

ஏலே பேராண்டி, நீ ட்ரூபல்ல செஞ்சு குடுத்த பள்ளிக்கூட சைட்டைப் பத்தி ஊரே பேசுது. ஊருன்னா வேற யாரு, அங்க ஆபீஸ்ல இருந்து பக்கம் ஏத்துற உன் அத்தை மவதான். பேசுனதுல பாதியை வெளியில சொல்ல முடியாது.

பெரிய மனசுல உனக்கு. கன்டென்ட் டைப் செட்டிங்ஸ்ல எந்தெந்த மெனு வேணும்னு கேட்டா ஒண்ணு விடாம டிக் அடிச்சிருக்க. ட்ரூபல் வரும்போது மெயின் மெனுவுக்கு மட்டும்தான் டிக் இருக்கும். தர்மப்பிரபு நீ, மிச்சத்தையும் அள்ளி விட்டுட்ட. இப்போ பக்கம் எதுக்குக் கீழ நிக்கணும்னு கேக்குற பேரன்ட் லிங்க் டப்பாவைத் திறந்தா ஃபுட்டர், டூல்ஸ், யூசர் அக்கவுண்ட்னு கோடு கோடா இறங்கிக்கிட்டே போவுது. மாணவர் சேர்க்கையை லாக் அவுட்டுக்குக் கீழகூட வைக்கலாம் போல. சேர வர்ற புள்ளையை வந்த வழியே அனுப்ப நல்ல ஏற்பாடு!

ஆனா வரிசையை முடிவு பண்ணுற அந்த வெயிட் டப்பா இருக்கு பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சிது. அலுவலர்கள், நூலகம், மாணவர் சேர்க்கை, விடுதின்னு மெனுவுல நாலு. எல்லாத்துக்கும் வெயிட் 0, அதனால அகர வரிசையில நிக்குது. சேர்க்கை முதல்ல வரணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்காரு. முதல் இடம்னா 1 தானேன்னு இவ 1 போட்டிருக்கா. அது விடுதிக்கும் கீழ போய் உக்காந்துட்டு. கோவத்துல 50 போட்டிருக்கா, அசையவே இல்ல. மைனஸ் 1 போட்டா மேல வரும்னு அவளுக்கு எந்த வாத்தியாரு சொல்லிக்குடுத்தாரு? பழைய 7-ஆம் பதிப்புலயாவது -50-லேர்ந்து 50 வரைக்கும் லிஸ்ட் கிடந்துது, மைனஸ்னு ஒண்ணு உண்டுன்னு கண்ணுலயாவது படும். 8-லேர்ந்து வெறும் எண் டப்பா. பந்திக்கு வந்தவரை "யார் பக்கத்துல உக்காருதீரு"ன்னு கேக்காம, "உம்ம எண்ணைச் சொல்லும்"னு வாசல்லயே மறிச்ச கதை.

இழுத்து வைக்குற வசதிதான் 2008-ல 6-ஆம் பதிப்புலயே வந்துட்டேன்னு வாயைத் திறக்காத. வந்துட்டு. அது மெனு நிர்வாகப் பக்கத்துலல்லா இருக்கு? அந்தப் பக்கத்தைக் காட்டுனா மொத்த மெனுவையும் இவ கவுத்திருவாளோன்னு உனக்குப் பயம். அத்தை மவ மேல அம்புட்டு நம்பிக்கை!

மெயின் மெனுவை விட்டுட்டு மத்த டிக்கை எல்லாம் எடு. டீஃபால்ட் பேரன்ட்டை நீயே வச்சுக் குடு. அலுவலர் பக்கம்னா அலுவலர்களுக்குக் கீழன்னு அதுவா வந்து நிக்கட்டும். அப்புறம் அந்த வெயிட் டப்பாவை ஒளிச்சிட்டு, இப்போ அங்க இருக்குற பக்கங்களை வரிசையாக் காட்டி "எதுக்கு அடுத்து?"ன்னு மட்டும் கேளு. எல்லாம் 0-ல கிடந்தா நடுவுல சொருக எடம் இருக்காது, அக்கம்பக்கத்து எண்ணையும் சேத்து மாத்தணும். அந்தக் கணக்கை உள்ளுக்குள்ள நீ போடு. சம்பளம் உனக்குத்தானல வருது?

ஞாயித்துக்கிழமை அத்தை வீட்டுக்குப் போறோம். அதுக்குள்ள முடிச்சிட்டா நீயும் வா. முடியலைன்னா சொல்லு, உனக்குக் காய்ச்சல்னு நான் சமாளிச்சுக்கிடுதேன்.