கேளுங்கள், பிரித்துச் சொல்கிறேன்

கே: ரார் கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை 'ஜிப்' என்று மாற்றினேன். திறக்க மறுக்கிறதே? (வாசகர், தேனி)

ப: பெயர்தானே மாறியது, ஆள் மாறவில்லையே! ஜிப் கோப்பு பெரும்பாலும் 'பிகே' என்ற இரண்டெழுத்தோடு தொடங்கும். ரார் கோப்பு 'ரார்!' என்று ஆச்சரியக்குறி போட்டுத் தன் பெயரைக் கூவிக்கொண்டே வரும். இத்தனை சத்தத்தை எந்தப் பெயராலும் மறைக்க முடியாது.

கே: பிறகு எப்படித்தான் மாற்றுவது? (மீண்டும் அவரே)

ப: பிரித்து, மறுபடி கட்டுங்கள். 'ஒரே சொடுக்கில் மாற்றுகிறோம்' என்பவர்களும் திரைக்குப் பின்னால் இதைத்தான் செய்கிறார்கள். இகோர் பாவ்லோவ் எழுதிய இலவச 7-ஜிப் போதும். ராரைப் பிரித்துக் கொடுக்கும். ஜிப்பாகவோ 7இசட்டாகவோ கட்டிக் கொடுக்கும். ராராகக் கட்டாது. ராரைப் பிரிக்கும் மூலநிரல் வெளியே கிடைக்கிறது; அதைப் பார்த்துச் சுருக்கும் முறையை உருவாக்கக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வடை தருவார்கள், மாவின் பக்குவம் சொல்லமாட்டார்கள்! எனக்கு ராரைப் பிடிக்காததற்கு இது ஒன்றே போதும்.

கே: ஆயிரம் ஜேபெக் படங்களை ஜிப் செய்தும் அளவு குறையவில்லையே? (வாசகர், ஓசூர்)

ப: ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான். அடுத்தவர் வரலாம்.

கே: ஜிப் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை பாசம்? (வாசகி, கும்பகோணம்)

ப: கேட்டீர்களே, மகராசி! 1989இல் ஜிப்பைக் கொண்டுவந்தவர் ஃபில் காட்ஸ். பில் கேட்ஸ் இல்லை. அவசரத்தில் படித்தவர்கள் இன்னொரு முறை படியுங்கள். அதற்கு முன் 'ஆர்க்' என்ற வடிவத்துக்கு அவர் எழுதிய நிரலுக்காக வழக்குப் போட்டார்கள். மனிதர் புதிதாக ஒரு வடிவத்தையே செய்து, அதன் விவரக்குறிப்பை ஊரறியத் திறந்துவைத்தார். அந்தப் பெருந்தன்மையால்தான் இன்று டாக்எக்ஸ், இபப், ஏபிகே எல்லாம் உள்ளுக்குள் ஜிப். தேனிக்காரரின் வித்தை இங்கே பலிக்கும்: டாக்எக்ஸ் கோப்பின் நகலை எடுத்து, கடைசியில் 'ஜிப்' என்று பெயர் மாற்றுங்கள், திறக்கும். காட்ஸ் 2000இல், 37 வயதில் இறந்துவிட்டார்.

கே: மறைந்த அப்பாவின் கட்டுரைகள் பழைய ஜிப் ஒன்றில் இருக்கின்றன. தமிழ்க் கோப்புப் பெயர்களெல்லாம் கிறுக்கலாகத் தெரிகின்றன. இணையத்தில் ஏற்றி மாற்றலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

ப: ஏற்றாதீர்கள், அம்மா. அப்பாவின் எழுத்தை முகம் தெரியாதவரின் கணினிக்கு ஏன் அனுப்ப வேண்டும்? வீட்டிலேயே முடியும். முதலில் மூலக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். சிதைந்திருப்பது பெரும்பாலும் பெயர்கள் மட்டுமே. பழைய ஜிப்பில் பெயர்களுக்கு இருந்த குறியீட்டில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடு பெயர்களுக்கு வழி 2006இல்தான் வந்தது. பிரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து, படித்துப் பெயர் வையுங்கள். உள்ளே இருக்கும் எழுத்தும் கிறுக்கலாக இருந்தால், அவர் டிஸ்கி, பாமினி போன்ற பழைய தமிழ்க் குறியீடுகளில் தட்டச்சு செய்திருக்கலாம். அதற்கான எழுத்துரு மாற்றிகள் உண்டு. பிறகு புதிய ஜிப்பாகக் கட்டுங்கள்.

கே: மாற்றி முடித்ததும் பழையதை அழித்துவிடலாமா? (வாசகர், சிவகாசி)

ப: 7-ஜிப்பில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு, புதியதை அதில் சோதியுங்கள். பிழை இல்லையென்றால் நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு அழிக்கலாம். தஞ்சாவூர் வாசகி மட்டும் எதையும் அழிக்க வேண்டாம்.