டாக்டர்களைக் கண்டிப்போடு கண்காணிப்பது எப்படி?

மாநில மருத்துவக் கவுன்சிலில் உறுப்பினராகிவிட்டீர்களா? வாழ்த்துகள். வேலை சுலபம். நீங்களும் டாக்டர், புகாருக்கு ஆளானவரும் டாக்டர், விசாரிக்கும் குழுவினரும் டாக்டர்கள். வெளியாள் ஒருவர்தான்: புகார் கொடுத்தவர். அவரைக் கவனித்துக்கொண்டால் போதும்.

1. புகாரை வாங்குங்கள், முதல் தடவையே வாங்கிவிடாதீர்கள். நகல் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்புங்கள். அடுத்த தடவை கேஸ் ஷீட் எங்கே என்று கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதை மருத்துவமனைக்கு நினைவூட்டுவது உங்கள் வேலை இல்லை. 'வாங்கிட்டு வாங்க' என்பதுதான் உங்கள் வேலை.

2. புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. பதறாதீர்கள். எந்த ஆறு மாதம் என்று சொல்லவில்லை.

3. வாய்தா போடுங்கள். டாக்டர் வரவில்லையா? அவசர ஆபரேஷன் இருந்திருக்கும், தள்ளிவையுங்கள். புகார்தாரர் வரவில்லையா? அவருக்கு அக்கறை இல்லை, மூடிவிடுங்கள். திருநெல்வேலியில் ராத்திரி பஸ் ஏறிச் சென்னை வந்தவரிடம், "இன்னைக்குக் கமிட்டி கூடலைங்க" என்று பதினோரு மணிக்குச் சொல்லுங்கள். குரலில் அன்பு இருக்கட்டும்.

4. போலீசுக்குப் போவேன் என்கிறாரா? வழியனுப்பி வையுங்கள். டாக்டர் மீது குற்ற வழக்குத் தொடரும் முன், அந்தத் துறை தெரிந்த, சார்பில்லாத இன்னொரு டாக்டரின் கருத்தைப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. கருத்து எழுத உங்கள் ஹாஸ்டல் நண்பர் இல்லாமலா போவார்? நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் விசேஷம். அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே உறுதிப்படுத்திவிட்டது. 'விவகாரம் நீதிமன்றத்தில் உள்ளது' என்று ஒரு வரி எழுதி, கோப்பைக் கட்டி மேலே போடுங்கள்.

5. நிருபர்கள் வந்தால் போலி டாக்டர்களைப் பற்றிப் பேசுங்கள். பிளஸ் டூ படித்துவிட்டு ஊசி போடுகிறவர் எப்போதும் கைவசம் இருப்பார். அவருக்குச் சங்கம் கிடையாது.

6. தண்டிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள், பெயர் கெடும். மருந்து கம்பெனியிடம் பரிசு வாங்குவதற்கு 2016இல் அந்த நெறிமுறை விதிகளைத் திருத்தி விலைப்பட்டியல் மாதிரி ஒன்று போட்டார்கள்: ஆயிரத்துக்கு மேல் ஐயாயிரம் ரூபாய் வரை கண்டனம், பத்தாயிரம் வரை மூன்று மாதம் பெயர் நீக்கம், இப்படியே ஏறும். அதே திருத்தத்தில் டாக்டர்களின் சங்கங்களை இந்தத் தடையிலிருந்து விடுவித்தும் விட்டார்கள். ஆகவே பேனா வாங்கிய தனிநபரைக் கடுமையாகக் கண்டியுங்கள். பிறகு சங்க மாநாட்டின் மருந்து கம்பெனி விருந்துக்கு நேரத்தோடு போங்கள். (எனக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பச் சொல்லுங்கள்.)

7. புது விதிகள் தாராளமாகக் கொண்டுவாருங்கள், ஆயுசைக் குறைவாக வையுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2இல் விதிகள் வெளியிட்டது. மருந்தின் மூலப்பெயரைத்தான் எழுத வேண்டும், மீறினால் நடவடிக்கை என்றது. டாக்டர்கள் கொதித்தார்கள். ஆகஸ்ட் 23இல் நிறுத்திவைத்தார்கள். மூன்று வாரம்! பால் பாக்கெட்டை விடக் கூடுதல்தானே?

8. நிலைமை கைமீறினால் பெயர்ப்பலகையை மாற்றுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் தலைவரையே 2010 ஏப்ரலில் லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது. கவுன்சிலைக் கலைத்தார்கள், பிறகு திரும்பி வந்தது, 2018இல் மறுபடி கலைத்தார்கள். 2020 செப்டம்பர் 25இல் அதன் இடத்தில் ஆணையம் பிறந்தது. பழைய கோப்புகள் எந்த அலமாரியில் என்று யாராவது கேட்டால், "மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள்.

9. இத்தனைக்கும் அசராமல் மேல்முறையீடு செய்வேன் என்பவர் ஒருவராவது இருப்பார். முன்பெல்லாம், நெறிமுறை விதிகளின் 2004 திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்ட யாரும் டில்லிக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்தை உருவாக்கிய 2019 சட்டத்தின் 30ஆம் பிரிவு அந்த வழியை டாக்டருக்கு மட்டும் எழுதிக்கொடுத்திருக்கிறது. ஆனாலும் முகத்தில் அடித்தாற்போல மறுக்காதீர்கள். நாற்காலி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள், படிவத்தை நீட்டுங்கள். முதல் கட்டத்தில் 'மருத்துவப் பதிவு எண்' என்று போட்டிருக்கட்டும்.