சைலன்சரைக் கழட்டிட்டா ரேசா, கண்ணு?

ஏங் கண்ணு, நேத்து ராத்திரி அவினாசி ரோட்டுல போனது உன்ற வண்டிதானே? அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறை பூராவும் ஒரே வண்டியில ஏறிப் போனாப்ல சத்தம். எந்திரிச்சுப் போய் எட்டிப் பாத்தா, நீ டவுன் பஸ்ஸுக்குப் பின்னால நிக்கற!

ரேசுன்னு சொல்லிக்கறியாம். சந்தோசம் சாமி. 1945ல சண்டை முடிஞ்சு ஊடு திரும்புன அமெரிக்காக்காரப் பசங்களுக்கும் இதே வேகப் பித்துத்தான். ஆனா அவுங்க பட்டாளத்துல ஸ்பேனர் புடிக்கப் பழகியிருந்தாங்க. பழைய ஃபோர்டை அடிமாட்டு வெலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழட்டி எடையைக் கொறச்சு, வி8 இஞ்சினைப் பிரிச்சு மேஞ்சு மறுக்கா பூட்டுனாங்க. நீ கழட்டுனது சைலன்சர் ஒண்ணுதான். அதுவும் மெக்கானிக் கழட்டிக் குடுத்தது, கூலி உங்கொப்பன் குடுத்தது.

மிட்ஜெட்டுன்னு குட்டிக் காரும் ஓட்டுனாங்க. கால் மைல் வட்டத்துல சுத்தும். சீட்டுல ஆள் உக்காந்தா தோளும் மண்டையும் வெளிய நிக்கும். அதுல பழகுன பல பேரு பொறவு இண்டியானாபொலிஸ் 500 வரைக்கும் போனாங்க. அதே இண்டியானாபொலிஸ்ல 2005ல நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுல நாலாவதா வந்தாரு. அன்னிக்கு ஓடுனதே ஆறு காருதான்னு நொட்டை சொல்லுவ. அந்த ஆறுல நீ எங்கடா இருந்த?

ரோட்டுல ஓட்டுனா போலீசு அமெரிக்காவுலயும் புடிச்சான். அதனால 1950ல கலிபோர்னியா சான்டா ஆனா விமான நிலையத்துல ஞாயித்துக்கெழம ஓடுபாதையில ஓட்டுனாங்க. இங்க மெட்ராஸ் பக்கம் சோழவரத்துலயும் அதே கூத்துத்தான். சண்டைக்குப் போட்ட விமானத் தளம், பொறவு ரேஸ் தடம் ஆச்சு.

கரிவரதனைக் கேள்விப்பட்டிருக்கியா? கோயமுத்தூரு மில்லுக் குடும்பம். நெனச்சா வெளிநாட்டுக் காரா எறக்கி நிறுத்தியிருக்கலாம். மனுசன் மாருதி 800 இஞ்சினை எடுத்து ஒத்தை சீட்டு ரேஸ் காரே கட்டிப்புட்டாரு, ஃபார்முலா மாருதி. கொறஞ்ச செலவுல நம்மூருப் பசங்களும் ரேசுக்கு வந்தாங்க. 1995ல விமான விபத்துல போய்ச் சேந்தாரு. செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே அவரு பேருதான்.

பல்லடம் வழியா ஒரு எட்டு போய்ப் பாரு. உருட்டறதா இருந்தா அங்க காசு கட்டி, ஹெல்மெட்டு மாட்டி உருட்டு. காசு நான் தாரேன். பெட்ரோலை மட்டும் நீயே போட்டுக்க. போறதுக்கு முன்னால அந்தச் சைலன்சரை மறுக்கா மாட்டு.