ஐந்து வருஷ உத்தரவாதம்

மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரர் வாட்ஸில் ஆரம்பிப்பார்: 500, 750, 1000. சட்னிக்கு 500 போதும் என்றால், கல்யாணத்துக்கு மொய் வைக்காதவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். மோட்டாருக்கு 5 வருஷ உத்தரவாதமாம். மோட்டாரா முதலில் போகிறது? ஜாரின் அடியில் கப்ளர் தேயும், புஷ் ஒழுகும், மூடி ரப்பர் தொலையும். அவற்றைக் கேட்டால், "அதெல்லாம் வராது சார்."

மிக்ஸியின் அடிப்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. கெட்டித் தேங்காயைத் திணித்தால் மோட்டார் கருகாமல் மின்சாரத்தை நிறுத்திவிடும். அழுத்தினால் மறுபடி ஓடும். அது தெரியாமல் "செத்துப்போச்சு" என்று புதிது வாங்குகிற புண்ணியவான்களால்தான் பல கடைகள் வாழ்கின்றன.

நீடித்து உழைப்பது எது என்கிறீர்களா? 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மிக்ஸி எங்கள் வீட்டில் இன்றும் புத்தம் புதிது. பரணைவிட்டு இறங்கினால்தானே!