ஊருக்குக் கேட்கவோ, உனக்குக் கேட்கவோ?

மருமோனே, காரோடை வந்த கொம்பனிப் பாட்டுச் செற்றைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வவுனியாவிலை புதுசு பூட்டப்போறாய் எண்டு கேள்விப்பட்டன். நல்ல விசயம். 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசியிலை திறந்துவிட்ட நாடு இது. காணி விலை குடுத்து ஒரு யப்பான் கார் எடுத்தவன் அதுக்குள்ளை பாட்டுக் கேக்கக்கூடாதோ? கேள், ஆரும் மறிக்கேல்லை. ஆனால் காசு குடுக்க முதல் மாமன் சொல்லுறதையும் ஒருக்கால் கேள். குடுத்த பிறகு கேட்டால் எனக்கு வாய் நோகும், உனக்கு மனம் நோகும்.

உன்ரை பக்க நியாயத்தை முதலிலை சொல்லிப்போடுறன். யப்பான் செற்றைக் கழட்ட மூண்டு காரணம் இருக்கு. அங்கத்தையான் எஃப்.எம். 76 இலை தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸோடை முடிஞ்சுபோம். பிந்தி வந்ததுகள் 95 மட்டும் போகும். எங்கடை ஸ்டேசனுகளோ 88க்கும் 108க்கும் இடையிலை. அதுக்காக ஏரியல் வயருக்கு நடுவிலை சின்னப் பெட்டியொண்டைச் செருகி, மேலை கிடக்கிற அலைவரிசையைக் கீழை இறக்கிக் குடுப்பினம். பிறகு திரையிலை ஒரு நம்பர் நிக்கும். அறிவிப்பாளர் வேறை நம்பரைச் சொல்லிக் கத்துவார். இரண்டாவது, திரை முழுக்க யப்பான் எழுத்து. அதிலை கிடக்கிற மப் யப்பானைத் தாண்டி வராது. பரந்தன் சந்தியிலை நிண்டுகொண்டு தோக்கியோவுக்கு வழி பாக்கலாம். மூண்டாவது, பற்றரியைக் கழட்டி மாட்டினால் சில டொயோட்டாச் செற்றுகள் தங்களைத் தாங்களே பூட்டிக்கொண்டு கோட் கேக்கும். கோட் தெரிஞ்ச மனுசன் ஒசாக்காவிலை காரை வித்துப்போட்டு எப்பவோ வீட்டை போட்டுது.

இந்த மூண்டுக்காக மாத்துறதெண்டால் இப்பவே வெளிக்கிடு. கடையிலை வாங்கிப் பூட்டுற வெளிச்செற் எண்டால் மட்டமான சாமான் எண்டு நான் சொல்ல வரேல்லை. 1930 இலை சிக்காகோ பக்கம் பால் கல்வின் எண்டவர் செய்து வித்த மோட்டொரோலாவும் காரை வாங்கின பிறகு பூட்டினதுதான். விலை 110 டொலருக்கு மேலை. அப்பவும் மாமன்மார் இருந்திருப்பினம், ஏசியிருப்பினம்.

ஆனால் நீ உதுக்காகவோ மாத்துறாய்? ஊரெல்லாம் 'சவுண்ட் குவாலிற்றி' எண்டெல்லோ சொல்லித் திரியிறாய். அப்ப வா, கணக்குப் பாப்பம்.

பெட்டியிலை 50×4 எண்டு பெரிசாய் அடிச்சிருக்கும். கடைப் பெடியன் "இருநூறு வாற்ஸ் அண்ணை" எண்டுவான். நீ தலையாட்டாமல் செற்றைத் திருப்பி அதின்ரை முதுகைப் பார். அதிலை சின்ன பியூஸ் ஒண்டு இருக்கும். கனக்கச் செற்றிலை 10 அம்பியர் எண்டு எழுதிக் கிடக்கும். எஞ்சின் ஓடேக்கை வயரிலை 14 வோல்ற் அளவிலை வரும். பதினாலைப் பத்தாலை பெருக்கு. உள்ளை போறதே 140 எண்டால், வெளியிலை வாற 200ஐ ஆர் கொண்டுவந்து தாறது? அந்த 140 இலையும் ஒரு பங்கு சூடாய்ப் போம். ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைக்கிறது இருபது வாற்ஸ் மட்டிலைதான். கொம்பனிச் செற்றுக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. கொம்பனிக்காரன் அதைப் பெட்டியிலை அடிக்கேல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்பீக்கர். கொம்பனி ஸ்பீக்கரைக் கழட்டிப் பாத்தால் உனக்குச் சிரிப்பு வரும். கடதாசிக் கூம்பு, பிளாஸ்ரிக் சட்டம், உள்ளங்கைக்குள்ளை அடங்கிற காந்தம். அவங்கள் காசு மிச்சம் பிடிச்சது உண்மை, அதை மறைக்கேல்லை. ஆனால் கடதாசி பாரமில்லாத சாமான், சொட்டு வலுவுக்கே பாடும். நீ ஆசைப்படுற ரப்பர் விளிம்பு வைச்ச பாரமான ஸ்பீக்கரை அதே செற்றிலை குடுத்தால், பழசை விடச் சத்தம் குறையவும் கூடும். பெட்டியிலை 'சென்சிற்றிவிற்றி' எண்டு டெசிபலிலை போட்டிருப்பினம். அது 3 குறைஞ்சால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாற்ஸ் வேணும். கடைக்காரன் இதைச் சொல்லமாட்டான். சொன்னால் அம்பிளிபயர் விக்கிறது ஆர்?

நல்ல வெளிச்செற் வெல்லுற இடமும் ஒண்டு இருக்கு. றைவர் பக்க ஸ்பீக்கர் உன்ரை முழங்காலடியிலை, மற்றக் கதவு ஸ்பீக்கர் தூரத்திலை. கிட்டத்தையான் சத்தம் முந்தி வந்து காதிலை ஏறுறதாலை பாட்டுக்காரன் உன்ரை காலுக்கை நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கும். கொஞ்சம் காசு கூடின செற்றுகளிலை, கிட்டத்தையான் ஸ்பீக்கரை ஒரு செக்கனிலை ஆயிரத்திலை ஒண்டு, ரெண்டு பங்கு பிந்திவிட ஏலும். உடனை ஆள் எழும்பி முன்கண்ணாடிக்கு நடுவிலை வந்து நிண்டு பாடுவான். இதுக்குக் காசு குடுத்தால் நான் கோவிக்கமாட்டன். ஆனால் அந்த வசதி இருக்கிற செற்றை வாங்கிப்போட்டு, அது எந்த மெனுவிலை கிடக்கு எண்டே தெரியாமல் பேஸை மட்டும் பத்திலை வைச்சிருக்கிறவை பத்துப் பேரை எனக்குத் தெரியும். பேர் சொல்லமாட்டன், எல்லாரும் எங்கடை சொந்தக்காரர்.

இனிக் கதவுக்கு வா. ஸ்பீக்கர் முன்னாலை காத்தைத் தள்ளேக்கை பின்னாலை இழுக்கும். கதவுத் தகரத்திலை பெரிய பெரிய ஓட்டை. முன் அலையும் பின் அலையும் அதுக்குள்ளாலை சந்திச்சு ஒண்டையொண்டு அழிச்சுப்போடும். முதலிலை செத்துப்போறது பேஸ். வாய்க்கால் முழுக்க ஓட்டையை வைச்சுக்கொண்டு பெரிய பம்ப் பூட்டுறவனை இரணைமடுவுக்குக் கீழை வயல் செய்யிற ஆரும் கெட்டிக்காரன் எண்டு சொல்லமாட்டினம். பியூட்டைல் சீற் வாங்கி அந்த ஓட்டையளை மூடி, தகரத்திலை ஒட்டு. ஆனால் கதவின்ரை அடியிலை கிடக்கிற சின்ன ஓட்டையளை மூடிப்போடாதை. மாரித் தண்ணி வடியிறது அதாலைதான். மூடினால் தையிலை பாட்டுக் கேக்கும், வைகாசியிலை கறல் கேக்கும்.

கடையிலை பலகை முழுக்க ஸ்பீக்கர் அடிச்சு வைச்சு, சுவிச்சை மாத்தி மாத்திப் போட்டுக் காட்டுவினம். விலை கூடினதுக்கு வரேக்கை பெடியன்ரை விரல் சத்தக் குமிழிலை மெல்லமாய் ஊரும், பாத்துக்கொள். 1933 இலை பிளெச்சர், மன்சன் எண்ட ரெண்டு அமெரிக்கர் மனுசக் காதை அளந்து எழுதிவைச்சிட்டினம்: சத்தம் குறைஞ்சால் பேஸ் எங்களுக்கு இன்னும் குறைவாய்க் கேக்கும், கூட்டினால் பேஸும் சேர்ந்து எழும்பும். அதாலை சத்தம் கூடினது எப்பவும் நல்லதாய்த்தான் தெரியும். வாங்க முதல், அதே செற் பூட்டின சிநேகிதன்ரை காரையும் உன்ரை காரையும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியிலை நிப்பாட்டு. தேங்காய் உடை, கச்சான் வாங்கு, எஞ்சினை நிப்பாட்டு. ஃபோனிலை சத்தம் அளக்கிற அப் இருக்கு. ரெண்டு காரிலையும் ஒரே பாட்டை ஒரே அளவிலை வை. கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிக் கேள். பிறகு மாங்குளம் மட்டும் அறுபதிலை ஓடிக்கொண்டு கேள். எஞ்சின் நிக்கேக்கை தெரிஞ்ச வித்தியாசத்திலை ரயரும் காத்தும் எவ்வளவைத் திண்டுது எண்டு அப்பத்தான் விளங்கும். ஒண்டு மறந்துபோனன்: வாட்ஸ்அப்பிலை வந்து வந்து நைஞ்ச பாட்டை வைச்சுச் சோதிக்காதை. அதை எந்தச் செற்றாலும் திருத்த ஏலாது.

உன்ரை சிநேகிதன் ஒருத்தன் டிக்கியிலை '1200 வாற்ஸ்' எண்டு ஒட்டின பெட்டி பூட்டியிருக்கிறான் எண்டு சொன்னாய். அந்தப் பெட்டி உண்மை சொன்னால் அதுக்கு 12 வோல்ற்றிலை 100 அம்பியர் வேணும். அவன் குடுத்திருக்கிறது ஹெட்லைற் வயர். ஒண்டில் பெட்டி பொய் சொல்லுது, இல்லாட்டில் கார் ஒருநாள் பத்தும். பெட்டி பொய் சொல்லவேணும் எண்டு முறிகண்டியானுக்கு நான் நேத்தி வைச்சிருக்கிறன்.

வாற்ஸ் எண்டதை எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம், மருமோனே. சண்டைக் காலத்திலை, பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தடை போட்டிருக்கேக்கை, ஒரு மூடி பெற்றோலிலை ஸ்ராட் எடுத்து ஏ-40 காரை மண்ணெண்ணெயிலை ஓட்டின ஆக்கள் நாங்கள். சைக்கிளைத் தலைகீழாய் வைச்சு, டைனமோ வயரை ரேடியோவுக்குக் குடுத்து, ஒருத்தன் கையாலை பெடலைச் சுத்த, ஒழுங்கை முழுக்க பிபிசி தமிழோசை கேட்டது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்ஸ். ஒரு சொல் தவறேல்லை. சுத்திறவன் களைச்சால்தான் செய்தி வாசிக்கிறவருக்கும் களைக்கும்.

அப்ப என்ன செய்யலாம் எண்டு கேக்கிறாய். தேய்ஞ்ச ரயரை முதல் மாத்து. பிறகு கதவை அடை. பிறகு முன்கதவு ரெண்டுக்கும் சென்சிற்றிவிற்றி கூடின ஸ்பீக்கர். அதுக்குப் பிறகும் மனம் ஆறாட்டில் செற்றை மாத்து. பழைய செற்றை எறியாமல் சாக்கிலை சுத்தி வை, காரை விக்கேக்கை கேப்பினம். ஊஃபர் கடைசியிலை. ஏலுமெண்டால் கலியாணத்துக்குப் பிறகு, வாறவள் சம்மதிச்சால்.

இவ்வளவும் கேட்டிட்டு, "இல்லை மாமா, பன்ரண்டு இஞ்சி ஊஃபர்தான் வேணும், ஒழுங்கை அதிரவேணும்" எண்டு நிண்டால், போடு. அதுக்குச் சவுண்ட் குவாலிற்றி எண்டு பேர் வையாமல் போடு. கோயில் சபைக்கும் அது நல்லதுதான். லவுட்ஸ்பீக்கர்க்காரன் வருசத்துக்கு வருசம் கூலியைக் கூட்டிறான். வாற திருவிழாவுக்கு உன்ரை காரைத் தேர்முட்டியடியிலை நிப்பாட்டி, நாலு கதவையும் திறந்துவிடு. உபயகாரர் லிஸ்ற்றிலை உன்ரை பேரை நானே எழுதிவிடுறன்.