கமிட்டி முடிவுக்குக் காத்திருக்கும் கர்த்தர்

கரிசல்காட்டில் கிணறு வெட்டுவது சூதாட்டம். ஆழ இறங்கியும் உப்புத் தண்ணீர் வரலாம், வெறும் பாறையும் வரலாம். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆகவே வேதத்தில் வேறெந்தக் கதை புரியாவிட்டாலும் ஒரு கதை இவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் இயேசு ஒரு கிணற்றடியில் உட்கார்ந்து, தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கக் கேட்கிறார். யூதர்கள் சமாரியரோடு புழங்க மாட்டார்கள். அவளுக்கே திகைப்பு. திரும்பி வந்த சீடர்களுக்கும் திகைப்பு. அவர் கேட்டார்.

நல்லவேளை, அங்கே கேட்டார். இங்கே கேட்டிருந்தால் விஷயம் சபைக் கமிட்டிக்குப் போயிருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அவசரக் கூட்டம். ஆண்டவர் குடித்தது அவள் குடத்திலிருந்தா, தம்முடைய சொம்பிலிருந்தா என்று பொருளாளர் விளக்கம் கேட்பார். “அவுகளுக்கு நம்ம ஊர் வழக்கம் தெரியாதுல்லா அண்ணாச்சி, விடுங்க” என்று ஒருவர் பரிந்து பேசுவார். கடைசியில், ஆண்டவர் தண்ணீர் கேட்டது ஆன்மிக அர்த்தத்தில் மட்டுமே என்றும், சபையார் அதை வீட்டு நடைமுறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்றும் தீர்மானம் நிறைவேறும். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் மாமனும் மச்சானுமாக இருப்பார்கள். ஜெபத்துடன் கூட்டம் கலையும்.

கிண்டல் இருக்கட்டும். இந்த மண்ணில் பலர் வேதத்துக்கு வந்தது நடக்கத் தெரு இல்லாமல். கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கிறது கழுகுமலை. அங்கே தேர் ஓடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகக்கூடாது என்று எட்டயபுரம் ஜமீன் தடுத்தது. கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை. நாடார்களில் பலர் கத்தோலிக்கர் ஆனார்கள், தேர்வீதியிலேயே ஒரு சிறு வேதக்கோயில் வைத்தார்கள். 1895 பங்குனித் தேரோட்டத்தன்று அதன் முன்னால் போட்டிருந்த பந்தலை ஒட்டித் தகராறு மூண்டது. இரு பக்கமும் பிணம் விழுந்தது. மனிதன் மனிதனாக ஒரு தெருவில் நடப்பதற்குக் கொடுத்த விலை அது. சாமி முன்னால் எல்லாரும் சமம் என்று சொன்ன ஒரு மதத்தை நம்பிக் கொடுத்த விலை.

அந்த மதத்தின் வீட்டுக்குள் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?

தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டியிருந்தார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் நடைக்கூடங்கள் இரண்டு. வெள்ளாளர் ஒரு கூடத்தில், நாடாரும் பிறரும் மற்றதில். சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும், கூட்டங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஆண்டவரை நடுவில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரை மறைக்கும் கட்டடக்கலையை உலகத்துக்கு நாம் கொடுத்திருக்கிறோம். 1910இல் கௌசானல் பாதிரியார் கூட்டங்களைப் பிரித்த தடுப்பை இடித்தார். உடனே மேல்சாதி விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுவர் எங்கள் உரிமை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை வாதாடித் தோற்றார்கள். சிலுவைக்காக இவ்வளவு செலவழித்தார்களா என்று கேட்காதீர்கள். சிலுவை இலவசமாகக் கிடைத்தது.

வடக்கன்குளம் சாதாரண ஊரும் அல்ல. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலைபார்த்த நீலகண்ட பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனது அங்கேதான். சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரோடும் பழகினார், அதுவும் அவர்மேல் வந்த பகைக்கு ஒரு காரணம். 1752இல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவரைப் புனிதராக்கினார்கள். அதற்குமுன் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. சாதியை உதறியதற்காகக் கொண்டாடப்படுகிறவரின் பெயரில் ‘பிள்ளை’ ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடுங்கள் என்று இங்கிருந்து மன்றாட வேண்டியிருந்தது, வத்திக்கான் எடுத்தது. துப்பாக்கிக் குண்டை வாங்கி, ஏறக்குறைய 270 வருடம் காத்திருந்து, வத்திக்கான் தலையிட்டு இறக்க வேண்டிய சுமை அது! திருவிழா ஃபிளெக்ஸில் தேவசகாயம் படத்துக்குக் கீழே கும்பிட்டபடி நிற்கிற அண்ணன்மார் அந்தச் சுமையை எந்தச் சிரமமும் இல்லாமல் பெயருக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆர்.சி.க்காரர்களைத்தான் திட்டுகிறான் என்று சி.எஸ்.ஐ. சபையார் சந்தோஷப்பட வேண்டாம். திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணி, எந்த ஊர், எந்த வகையறா என்று கணக்குப் போடுவதில் கட்சிக்காரர்களே இவர்களிடம் டியூஷன் படிக்கலாம். 2023 ஜூனில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலித் திருமண்டல அலுவலகத்திலேயே அடிதடி நடந்து போலீஸ் வந்தது. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டும் போதனையில் முதல் பாதியை மட்டும் அன்று நிறைவேற்றினார்கள்.

தெரியாமல் செய்தார்கள் என்று மன்னிக்கவும் வழியில்லை. 2003 நவம்பரில் ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் நேராகவே சொன்னார்: கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது மனித ஒற்றுமைக்கு விரோதம், சாதிப் பிரிவினையை வளர்க்கும் பழக்கங்களை மாற்றுங்கள். உத்தரவு ஊர் வந்து சேர்ந்ததா? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், அவமானம் பொறுக்காமல் தலித் கத்தோலிக்கர் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்களோடு மோதல் வெடித்து, போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையிலோ செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர். உயிர்த்தெழும் நாளில் எக்காளம் ஊதும்போது இந்தப் பக்கத்தார் எழுந்து அந்தப் பக்கம் போய்விடக்கூடாதே என்கிற முன்ஜாக்கிரதை.

இன்னொரு கூத்து. 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி ஆகமாட்டார். சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்துக்கொண்ட ஆணை, கிறிஸ்தவரை இன்றுவரை வெளியே நிறுத்தியிருக்கிறது. இது அநியாயம். ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு தினம் அனுசரித்துத் திருச்சபைகள் போராடுவது நியாயம்தான். கோரிக்கையோடு எனக்குச் சண்டையில்லை, வாயோடுதான் சண்டை. அரசாங்கத்திடம் போய் “எங்களுக்குள்ளும் சாதிக்கொடுமை இருக்கிறது” என்று மனுக்கொடுக்கிற அதே வாய், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் “கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை” என்கிறது. திங்கட்கிழமை பெண் பார்க்கும் விளம்பரம் எழுதும்போது அதே வாய்தான் உட்பிரிவு வரைக்கும் ஒப்பிக்கிறது. பக்தியுள்ள, இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற என்று நீளும் அந்த விளம்பரத்தில் ஆண்டவர் முதல் வரியில், சாதி இரண்டாம் வரியில். வரதட்சணை போனில்.

வருடத்துக்கு ஒருநாள் அசனம் உண்டு. ஆட்டுக்கறியும் சோறுமாக எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பத்திரிகைக்கு அனுப்புவார்கள். மறுநாள் அந்தப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவன் வீட்டுக் கதவைத் தட்டினால் திண்ணைவரைக்கும்தான் அன்பு நீளும். கோவில்பட்டியில் வாடகைக்கு வீடு பிடிக்க அலைந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். சுவரில் வசனம் எழுதிய வீடுகளிலும் முதல் கேள்வி வேலையைப் பற்றி இருக்காது.

இதே ஊரில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இருக்கிறார்கள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் யார் குழம்பு யார் சோற்றில் விழுகிறது என்று கணக்கு வைப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வராவிட்டால் அவள் பிள்ளைக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு இன்னொருத்தி போகிறாள். அவர்களில் எத்தனை பேருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதோ, யாரும் விசாரிக்கவில்லை. எந்தத் திருவிழா வளைவிலும் அவர்கள் பெயர் வராது, நன்கொடை ஆயிரத்தைத் தாண்டினால்தான் வளைவு.

இருந்தாலும் ஆயர்மாருக்கும் பங்குத்தந்தைகளுக்கும் குருவானவர்களுக்கும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் ஒரு விண்ணப்பம். சப்பரத்துக்கு இந்த வருடம் புது விளக்கு வாங்க வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை, சப்பரம் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்று உங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தால் அதை ஒழியுங்கள். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று சாக்குச் சொல்ல முடியாது. அது 2003லேயே வந்துவிட்டது.