பின்பக்கம் திருப்பாதவன்

2024இல் ஞாயிறு காலைகளில் யூனியன்வில்லில் ஒரு ரியூஷன் வகுப்பில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லிக்கொடுத்தேன். அதே வருடம் என் சொந்தச் சதவீதக் கணக்கு மூவாயிரம் டொலருக்கு மேல் பிழைத்துப்போனது. பிள்ளைகளின் பெற்றோருக்கு இது தெரியாது.

படிவங்களுக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. கனடாவில் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்று ரி.டி.1 என்று ஒரு தாள் தந்தார்கள். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கலாம் என்று முதலாளிக்குச் சொல்கிற தாள். கூடவே அச்சொட்டாக அதே மாதிரி இன்னொன்று. தவறுதலாக இரண்டு பிரதி வந்துவிட்டதென்று ஒன்றைப் பணிவோடு திருப்பிக் கொடுத்தேன். அலுவலகப் பெண் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினாள். ஒன்று மத்திய அரசுக்கு, மற்றது ஒன்ராறியோவுக்கு. கனடாவில் எந்த மாகாணத்துக்கு ஓடினாலும் இந்த இரட்டை வரி உண்டு. அல்பேட்டாக்காரர்கூட மாகாண விற்பனை வரியில்தான் தப்பினார்கள்.

ஹியூஸ்டனில் இருக்கிற மச்சானுக்கு இதில் தனிப் பெருமை. "எங்கட ரெக்ஸாஸில மாநில வருமான வரியே இல்லை, ஒரு படிவத்தோட அலுவல் முடிஞ்சுது" என்பான். அலுவல் முடியவில்லை. கணவன் மனைவி இருவரும் உழைத்தால் டபிள்யூ-4 என்கிற அந்த ஒரே படிவத்தின் இரண்டாம் படியில் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சொல்லவில்லை. ஏப்ரலில் வோஷிங்டனுக்குக் கட்டச்சொல்லி வந்தது. தொலைபேசியில் நன்றாகச் சிரித்தேன். சிரித்த நேரத்தில் நானும் அதே குழிக்குள்தான் நின்றேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். 2024இல் மத்திய அரசு முதல் 15,705 டொலருக்கும், ஒன்ராறியோ முதல் 12,399 டொலருக்கும் வரி கேட்கவில்லை. இந்தச் சலுகை ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்றல்ல. முழுநேர வேலையில் அதை ஏற்கெனவே எடுத்திருந்தேன். ரியூஷன்காரர் தந்த படிவத்திலும் கை பழகின வேகத்தில் அதே தொகைகளை எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டாவது முதலாளி இருந்தால் பூச்சியம் போடு என்று படிவத்தின் பின்பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. பின்பக்கம் திருப்புகிற ஆளாக இருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ரியூஷனில் வருடத்துக்குப் பதினோராயிரம் சொச்சம். அந்தப் படிவத்தின்படி நான் வரி கட்டவே தேவையில்லாத ஏழை. சம்பளச் சிட்டையில் வரிக்கு நேரே பூச்சியம் வந்தது. சின்ன உத்தியோகம் என்று அரசாங்கம் இரக்கப்பட்டிருக்கிறது என நினைத்தேன். ஆனால் அந்தக் காசு என் முழுநேரச் சம்பளம் அறுபதாயிரத்துக்கு மேலே போய் உட்கார்ந்ததால், ஒவ்வொரு டொலருக்கும் ஏறக்குறைய 30 சதம் வரி. பிப்ரவரி கடைசியில் இரண்டு வேலைக்குமான ரீ4 வருடாந்தச் சம்பளச் சிட்டைகளும் வந்தன. கணக்குப் பார்ப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அண்ணை, நீங்கள் கணக்கு மாஸ்டர் எண்டு சொன்னியள்?" என்றார்.

ஏப்ரல் 30 வரிப் பாக்கி கட்டக் கடைசி நாள். மே 1 முதல் நாளாந்தக் கூட்டுவட்டி. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாக்கி அடுத்த வருடமும் வந்தால், மூன்று மாதத்துக்கொருமுறை தவணையில் முன்கூட்டியே கட்டச்சொல்லிக் கடிதம் வரலாம் என்றும் சொன்னார். யாரையாவது திட்டினால் ஆறும் போலிருந்தது. தேடியதில் 1917இல் போர்ச் செலவுக்கென்று வருமான வரியைக் கொண்டுவந்த நிதியமைச்சர் தோமஸ் வைட் அகப்பட்டார். பாவம், அவர் என்னைப் பின்பக்கம் திருப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை.

பயத்தில் மறுகோடிக்கு ஓடினேன். மேலதிகமாகப் பிடிக்கச் சொல்கிற கட்டமும் அதே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. முழுநேர வேலையில் ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு கொழுத்த தொகை பிடிக்கும்படி அதில் எழுதிக் கொடுத்தேன். சில கிழமைகளில் ரியூஷனை விட்டேன், கட்டத்தை மறந்தேன். அடுத்த வசந்தத்தில் பெரிய ரீஃபண்ட். சந்தோஷம் தாங்காமல் மெயின் ஸ்ட்ரீட் உணவகத்துக்கு வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பில் வந்தபோது மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சருங்கோ, இது எங்கட காசுதானே? ஒரு வருசம் வச்சிருந்திட்டு வட்டியும் இல்லாமல் தந்திருக்கினம். இதுக்கு ஏன் பார்ட்டி?"

நான் டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பிழைத்தது.